சூப்பர்ஹீரோ படங்கள்ல நாயகி உயிரைக் கொடுக்கிற காட்சி: எது நிக்குது, எது சறுக்குது?

கெடிலக்கரை (கடலூர்) — #1

முதல்ல எல்லைக்கோடு போட்டுடறேன். வில்லன் கொன்னு போட, அதைப் பார்த்து நாயகன் கொதிச்சு எழற வகைச் சாவு இந்த இழையில வேணாம். 1994ல வந்த கிரீன் லாண்டர்ன் காமிக்ஸ் 54ஆம் இதழ்ல நாயகனோட காதலியை வில்லன் கொன்னு ஃபிரிட்ஜுக்குள்ள திணிச்சிருப்பான். அதைப் பேரா வச்சுதான் 1999ல கெயில் சிமோன், இப்படிச் சிதைக்கப்பட்ட காமிக்ஸ் பொண்ணுங்களோட நீளமான பட்டியலைப் போட்டாங்க. அது கொலை, பலி இல்ல.

நான் கேக்கறது, சாகப்போறோம்னு தெரிஞ்சே தானா அடியெடுத்து வைக்கிறவளைப் பத்தி. திரைக்கதையைப் பிரிச்சுப் போட்டா நாலு இடத்துலதான் ஆணி கழலுது. உயிரைக் கேக்கற விதி எப்போ சொல்லப்பட்டுச்சு? மத்த வழியெல்லாம் அடைபட்டுச்சா? முடிவு அவ எடுத்ததா, எழுதினவர் எடுத்ததா? செத்த பிறகு படம் எவ்வளவு நேரம் அங்க நின்னுச்சு? நாலாவதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்கன்னு என் கட்சி. எந்தப் படத்தைச் சொன்னாலும் காட்சி வரிசையோட சொல்லுங்க. 'மனசைத் தொட்டுச்சு' வகைப் பதில் வேணாம்.

வைசியாள்_வீதி (புதுச்சேரி) — #2

ரெண்டாவது ஆணிக்கு எக்ஸ்-மென் வரிசையில ரெண்டாம் படம், எக்ஸ்-2 (2003). அணை உடையுது, ஜெட் கிளம்ப மாட்டேங்குது. ஜீன் கிரே இறங்கி வெளிய நின்னு தண்ணியையும் தடுத்து ஜெட்டையும் தூக்கி விடறா. பார்க்க அழகுதான். ஆனா ஜெட்டுக்குள்ள யார் யார் உக்காந்திருக்காங்கன்னு எண்ணுங்க. தண்ணியை உறைய வைக்கிற பாபி இருக்கான், அவனை ஒருத்தரும் கூப்பிடல. நினைச்ச இடத்துக்குத் தாவுற நைட்கிராலர் இருக்கான். அவனை மட்டும் ஞாபகம் வச்சு, 'அவ விட மாட்டேங்கறா'ங்கற ஒரே வரியில அந்த வழியை அடைச்சாங்க. மொத்தக் காட்சியையும் தாங்கறது அந்த ஒரு வரிதான். பாபிக்கும் ரெண்டு ஷாட் போதும்: கண்ணாடியில கை வைக்கிறான், ஓரம் உறையுது, வேகத்துல நொறுங்குது. முடிஞ்சது.

அதுக்கும் மேல ஒரு ஓட்டை. மனசால பொருளை நகர்த்தறவ எதுக்கு வெளிய இறங்கணும்? சீட்டுல உக்காந்தே செய்யலாமே. வெளிய நின்னா ஷாட் நல்லா இருக்கும்ங்கறதைத் தவிர காரணம் கிடையாது.

கடைசியில தண்ணிக்கடியில பறவை மாதிரி ஒரு நிழலைக் காட்டி, அவ குரலையே பின்னணியில பேச விட்டாங்க. அவ செத்துட்டாங்கறதைப் படமே நம்பல. 2006ல திரும்பி வந்தா, வோல்வரின் கையால போனா. 2019ல இன்னொரு முறை.

முதுநகர் (கடலூர்) — #3

அந்தக் கதையோட வேரே வேற இடத்துல இருக்கு சார். 1980ல வந்த எக்ஸ்-மென் காமிக்ஸ் 137ஆம் இதழ். எழுதின கிளேர்மான்ட்டும் வரைஞ்ச பைர்னும் முதல்ல போட்ட முடிவுல ஜீன் சாகல, சக்தியைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்பறாங்க. ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஒத்துக்கல. அவ ஒரு சூரியனை விழுங்கி 500 கோடி உயிரைக் கொன்னவ, சும்மா விட முடியாதுன்னார். அப்புறம்தான் நிலாவுல பழைய ஆயுதம் ஒண்ணைத் தன் மேலயே திருப்பிக்கற முடிவு வந்துச்சு. முதல்ல வரைஞ்ச பக்கங்களை 1984ல தனியா அச்சடிச்சாங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சே பார்க்கலாம்.

அதாவது அது தண்டனையாப் பிறந்தது, தியாகமா உடுத்திக்கிட்டது. இன்னிக்கு வரைக்கும் சக்தி மிஞ்சின பொம்பளைக்கு எழுதற முடிவு இதே அச்சுதான். 2022ல டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் ரெண்டாம் படத்துல வாண்டா மலையைத் தன் மேல இடிச்சுத் தள்ளிக்கறதைப் பாருங்க. பிராயச்சித்தம். தூரத்துல ஒரு சிவப்பு மின்னல், அவ்வளவுதான். உடம்பும் இல்ல, அழறவங்களும் இல்ல.

ஜீனை 1986ல திரும்பக் கொண்டு வந்தாங்க. ஜமைக்கா விரிகுடாவோட அடியில உடம்பு பத்திரமா இருந்துச்சாம், செத்தவ வேறயாம்.

கெடிலக்கரை — #4

பெரிய மீனுக்கு வருவோம். அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் (2019), வோர்மிர் மலை, நட்டாஷா. அங்க இருக்கற கல்லை எடுக்கணும்னா நேசிக்கற ஒருத்தரைப் பலி கொடுக்கணும். கல்லைத் தேடிப் போறது அவளும் நண்பன் கிளின்ட்டும்.

விதி முதல் தரம். ஒரு வருஷம் முன்னாடி இன்ஃபினிட்டி வார்ல வில்லன் தானோஸ் தன் வளர்ப்பு மக கமோராவைத் தூக்கி எறிஞ்சப்பவே அதைக் கண்ணால பார்த்துட்டோம். அதனால ரெண்டு பேரும் அந்த மலையில ஏறறப்ப நமக்குத் தெரிஞ்சது அவங்களுக்குத் தெரியாது. முடிவு எடுக்கறதும் அவதான்: கிளின்ட் ஓடிப்போய்க் குதிக்கறான், இவ அந்தரத்துல பிடிச்சு, கம்பிக்கயிறை அவன் மேல மாட்டி, தான் கீழ தொங்கி, பாறையை உதைச்சுக் கையை விடுவிச்சுக்கறா. முதல்ல எடுத்த வடிவத்துல தானோஸோட படை வந்து சுடும், அவ குண்டு மழையில ஓடிக் குதிப்பா. அதை வெட்டினது நல்ல வெட்டு. படை வந்தா கேள்வி 'யாரு முதல்ல ஓடறாங்க'ன்னு ஆயிடும். படை இல்லேன்னா 'யாரு யாரை விட மாட்டேங்கறாங்க' மட்டும் மிச்சம்.

இது வரைக்கும் நூத்துக்கு நூறு. அப்புறம்? ஏரிக்கரையில அஞ்சு பேர் நிக்கறாங்க, தோர் ஒத்துக்க மாட்டேங்கறான், ஹல்க் ஒரு பெஞ்சைத் தூக்கி வீசறான். கையுறை வேலை தொடங்கிடுச்சு. 181 நிமிஷப் படத்துல அவ பங்குக்கு இவ்வளவுதான். டோனி ஸ்டார்க்குக்கு மட்டும் மலர்வளையம், வரிசையா எல்லா முகமும், நிதானமா ஒரு கேமரா நகர்வு. கல்லறையே 2021ல வந்த அவளோட தனிப்படத்துலதான், அதுவும் பெயர்ப்பட்டியல் ஓடின பிறகு.

உப்பளம் (புதுச்சேரி) — #5

அண்ணே, கணக்கு சரி, ஆனா நியாயமா பாருங்க. அந்த இடத்துல எழவு வீடு வச்சா போர்க்காட்சிக்குப் போற வேகம் செத்துடும். டோனி சாவு கடைசியில வருது, அதுக்கப்புறம் ஓட வேண்டிய படம் இல்ல. இடத்தால வந்த வித்தியாசம் இது, ஆம்பளை பொம்பளைன்னு பிரிக்கத் தேவையில்ல.

எனக்கு உறுத்தறது வேற. கிளின்ட்டுக்குப் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கு, இவளுக்குக் கிடையாது. 2015 படத்துலயே அவளுக்குப் பிள்ளை பிறக்காதுன்னு சொல்லி வச்சாச்சு. 'குடும்பம் இல்லாதவ போகலாம்'ங்கற கணக்கை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லல, ஆனா காட்சி அதுலதான் நிக்குது.

வில்லியனூர்_தேரடி (புதுச்சேரி) — #6

அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்ற கதை நம்ம பக்கத்துலயே இருக்கு தம்பி. அரவான் களப்பலி.

பாரதப் போர்ல பாண்டவர் ஜெயிக்கப் பலி கொடுக்க 32 லட்சணமும் பொருந்தினவன் வேணும். பொருந்தறது மூணே பேர்: கிருஷ்ணன், அர்ஜுனன், அரவான். கிருஷ்ணன் போனா வழி சொல்ல ஆளில்ல. அர்ஜுனன் போனா வில் பிடிக்க ஆளில்ல. மிச்சம் இவன். 'நீ போனா கதை நிக்காது, அதனால நீ போ'ன்னு நேருக்கு நேராவே சொல்லிடறாங்க. கெடிலக்கரை கேட்ட 'வழி அடைக்கறது' இதைவிடச் சுருக்கமா எங்கயும் இல்ல.

ஆனா அடுத்த படியைப் பாருங்க. அவன் சும்மா கழுத்தை நீட்டல, வரம் கேக்கறான். போர் முழுக்கப் பார்க்கணும். சாகறதுக்கு முன்னாடி கல்யாணம் ஆகணும். கல்யாணம் எதுக்கு? சுகத்துக்குன்னு நினைக்கறவங்க கூத்தைச் சரியாக் கேக்கலன்னு அர்த்தம். தாலி அறுத்து மாரடிச்சு அழ ஒருத்தி வேணும், அதுக்கு. கிருஷ்ணனே மோகினியா வந்து தாலி கட்டிக்கிட்டு, மறுநாள் அழறான். கூவாகத்துல சித்திரை மாசம் இன்னிக்கும் நடக்கறது அந்த அழுகைதான்: ராத்திரி தாலி, காலையில அறுப்பு, வளையல் உடைப்பு, வெள்ளைப் புடவை. பலியை விட எழவு பெருசு.

நட்டாஷாவும் அரவான் மாதிரிதான் தேர்வானா. ஆனா வரம் கேக்க விடல, அழவும் ஆள் வைக்கல.

உப்பளம் — #7

கூத்தை இழுத்தா நானும் இழுக்கறேன். கருவடிக்குப்பத்துல அடக்கமாகியிருக்காரே நாடகம் எழுதின சங்கரதாஸ் சுவாமிகள், அவரோட சாவித்திரி என்ன செய்யறா? சாகல. எமன்கிட்ட வாதாடி ஜெயிக்கறா. அந்தத் தர்க்கத்தை விடிய விடிய ஆடுவாங்க. வோர்மிர்ல ரெட் ஸ்கல் காவலுக்கு நிக்கறான், 'உயிருக்கு உயிர்'ங்கறான். அவன்கிட்ட ஒரு எதிர்க்கேள்வி? அரைகுறையா சந்தேகப்பட்டுட்டு ரெண்டு பேரும் ஓரமா உக்காந்துடறாங்க. சாகற வழியை எழுத மெனக்கெட்டவங்க வாதாடற வழியை எழுதல.

வில்லியனூர்_தேரடி — #8

இதை ஒத்துக்கறேன். எழவு வைக்க நேரமில்லேன்னு நீ #5ல சொன்னதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். அரவானுக்கு 18 நாள் போரே பாக்கி இருந்துச்சு.

வைசியாள்_வீதி — #9

எழவு வச்சும் வேகம் குறையாத படம் இருக்கு. வக்காண்டா ஃபாரெவர் (2022). அரியணை மண்டபத்துல தண்ணி புகுந்து ராணி ரமோண்டா ரிரிங்கற மாணவியைக் காப்பாத்தித் தான் போறா. படம் பாதியிலதான் இருக்கு, போர் இனிமேதான். ஆனா ஆரம்பத்துலயே துக்கத்துக்குன்னு ஒரு சடங்கைச் சொல்லி வச்சுட்டாங்க: ஒரு வருஷம் கழிச்சு துக்க உடையை எரிக்கணும். ராணியோட மக ஷுரி எரிக்க மாட்டேங்கறா, படம் முடியறப்பதான் கடற்கரையில எரிக்கறா. அழுகையைத் தனிக் காட்சியா வைக்காம கதைக்குள்ளயே நூலாக் கோத்தா நேரம் தனியாத் தேவைப்படாது. ரமோண்டாவா நடிச்ச ஏஞ்சலா பேசட்டுக்கு ஆஸ்கர் பரிந்துரை வந்துச்சு. மார்வெல் ஸ்டூடியோஸ் படத்துல நடிப்புக்குன்னு அதுதான் முதல்.

அதே வருஷம் தோர் நாலாவது படம். தோரோட பழைய காதலி ஜேன் ஃபாஸ்டருக்கு நாலாம் கட்டப் புற்றுநோய். தோரோட மந்திரச் சுத்தியலைத் தூக்கினா பலம் வருது, வச்சா இன்னும் மெலியறா. இந்தக் கூட்டத்துல விதியை ரொம்ப நேர்மையா எழுதினது இதுதான்னு சொல்வேன், ஒவ்வொரு தடவையும் விலை கண்ணுக்குத் தெரியுது. அதைக் கெடுத்தது ரெண்டு: நடுவுல கத்திக்கிட்டே இருக்கற ஆடுங்க, கடைசித் துண்டுல வல்ஹல்லாவுக்கு, அதாவது வீரர்கள் செத்த பிறகு போற சொர்க்கத்துக்கு, வரவேற்பு. அழலாம்னு பார்த்தா 'நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கா'ன்னு தோளைத் தட்டறாங்க.

தேவனாம்பட்டினம் (கடலூர்) — #10

ஸ்பைடர்-மேன் பீட்டரோட காதலி க்வென் ஸ்டேசியை யாரும் தொடலையே. அமேசிங் ஸ்பைடர்-மேன் 2 (2014). கடிகாரக் கோபுரத்துல விழறவளை பீட்டர் வலை வீசிப் பிடிச்சும் அவ செத்துடறா. கொலைதான்னு தள்ளிடாதீங்க. பீட்டர் அவ கையை வலையால காரோட ஒட்டிட்டுப் போறான், அவ விடுவிச்சுக்கிட்டு வர்றா, மின்சாரத்தைத் திரும்பக் கொண்டு வர்றதும் அவதான். முடிவு அவளோடது, அதனால பாதியாவது இந்த இழைக்குச் சேரும். கடிகாரம் 1:21ல நிக்கறது, 1973ல காமிக்ஸ்ல அவ செத்த 121ஆம் இதழுக்கு வச்ச குறி.

இதுல இயற்பியல் ஒழுங்கா வேலை செய்யுது. 90 மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா அடியில வேகம் விநாடிக்கு 42 மீட்டர், மணிக்கு 150 கிலோமீட்டர். நிறுத்தறப்ப உடம்பு தாங்க வேண்டியதைக் கணக்குப் போட சுலப வழி: விழுந்த உயரத்தை நிறுத்தற தூரத்தால வகுங்க. வலை 9 மீட்டர் நீண்டு கொடுத்தா 10 மடங்கு ஈர்ப்பு. 1 மீட்டர்தான் கொடுத்தா 90 மடங்கு, கழுத்து நிக்காது. அதனால பிடிச்சதே கொன்னுடும். காமிக்ஸ்ல கழுத்துப் பக்கத்துல ஒரு சின்ன ஒலிச்சொல்லை எழுதி அதைச் சொன்னாங்க. (அந்த இதழ்ல வரைஞ்சது புரூக்ளின் பாலம், எழுதினது ஜார்ஜ் வாஷிங்டன் பாலம். சண்டை இன்னும் ஓயல.)

2021ல பீட்டரா நடிச்ச அதே ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் வேற ஒருத்தியைப் பிடிக்கறப்ப வலை வீசல, தானே குதிச்சு அணைச்சுக்கறான். கூடவே விழுந்து மெதுவா வேகம் குறைக்கறதுதான் சரியான வழி. ஏழு வருஷம் கழிச்சுக் கணக்கைத் திருத்திக்கிட்டான்.

முதுநகர் — #11

டப்பிங் பக்கம் ஒண்ணு. எண்ட்கேம் தமிழுக்கு வசனம் ஏ.ஆர்.முருகதாஸ், நட்டாஷாவுக்குக் குரல் ஆண்ட்ரியா. கையை விடச் சொல்லி அவ கேக்கற 'லெட் மீ கோ'வைத் தமிழ்ல எழுத உக்காந்தா நமக்கு ஒரு லாபம் இருக்கு: 'விடு'. கையை விடறதும் ஆளைப் போக விடறதும் ஒரே சொல். ஆனா வாயசைவு இடிக்கும். ஆங்கிலத்துல மூணு அசை, நடு அசையில உதடு மூடுது. 'விட்டுடு' மூணு அசை சரி, உதடு மூடாது. 'போகவிடு'ல 'போ' மூடும், ஆனா இடம் முன்னாடி போயிடுச்சு, ஒரு அசையும் கூட. முகம் பக்கத்துல இருக்கறதால ஒளிக்க முடியாது. நான்னா அசையைப் பார்த்து 'விட்டுடு'ன்னே வைப்பேன். உதடு மூடற இடத்தை மூச்சால நிரப்பலாம்.

லாஸ்பேட்டை_குறும்படம் (புதுச்சேரி) — #12

இவ்வளவு நேரம் படிச்சுக்கிட்டே இருந்தேன். 12 நிமிஷக் குறும்படத்துக்குத் திரைக்கதை கையில இருக்கு. தானே புயல் ராத்திரி, 2011 டிசம்பர். ஆத்தோரக் கிராமம், மதகுக் கதவு பெயர்ந்துடுது. பொருளைத் தொடாம தள்ளற சக்தி இருக்கற பொண்ணு, ஊர் மேடேறுற வரைக்கும் கதவைப் பிடிச்சு நிக்கறா. விட்டா ஊர் போகும், நின்னா அவ போவா. நாலு ஆணியில எது கழண்டிருக்கு?

தேவனாம்பட்டினம் — #13

முதல்ல எடை. எழுதறவங்க இதை ஊகத்துல விடறாங்க, அப்புறம் அவ ஏன் சோர்ந்து போறான்னு பார்க்கறவங்களுக்குப் புரியறதில்ல. கதவு மேல தண்ணி தள்ளற விசை டன்ல: ஆழத்தை ஆழத்தால பெருக்கி, அகலத்தால பெருக்கி, பாதி. 3 மீட்டர் ஆழம், 4 மீட்டர் அகலம்னா 18 டன். தண்ணி ஒரு மீட்டர் ஏறி 4 ஆனா 32 டன். ஒரு மீட்டர்தான், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. உங்க நாடகமே இந்த ஒரு மீட்டர்லதான். மதகுச் சுவர்ல அளவுக்கோடு ஒண்ணு காட்டுங்க, தண்ணி எந்தக் கோட்டுல நிக்குதுன்னு மூணு தடவை பார்த்தா போதும், வசனம் வேணாம்.

ரெண்டாவது நிமிஷத்துக்குள்ள அவ ஒரு டிராக்டரைத் தள்ளறதையும் மூக்குல ரத்தம் வர்றதையும் காட்டிடுங்க. அது ரெண்டு டன். அப்புறம் பதினெட்டு வந்தா என்ன ஆகும்னு பார்க்கறவங்களே கணக்குப் போட்டுப்பாங்க.

வைசியாள்_வீதி — #14

வழி அடைக்கறது: மணல் மூட்டை ஏன் வேலைக்கு ஆகல (ஓடற தண்ணியில போட்ட மூட்டை அடிச்சுக்கிட்டுப் போறதை ஒரு ஷாட்), கதவை ஏன் கட்ட முடியல (சங்கிலி அறுந்த முனை), அவ ஏன் மேட்டுல நின்னு தூரத்துல இருந்து தள்ள முடியாது. மூணாவதுதான் எக்ஸ்-2 ஓட்டை. டிராக்டர் காட்சியிலயே பத்தடி தள்ளி நின்னு முயற்சி பண்ணித் தோத்து, கிட்ட வந்து ஜெயிக்கட்டும்.

எடுக்கறப்ப ராத்திரி நிஜ ஆத்துல ஆளை இறக்காதீங்க. அகலக் காட்சியைப் பகல்ல ஆள் இல்லாம எடுத்து நிறம் இருட்டிக்கலாம். பொண்ணோட நெருக்கக் காட்சியை மழைக்குழாய் வச்சு ஒரு சுவர் முன்னாடி எடுங்க. மழைத்துளி தெரியணும்னா விளக்கு பின்பக்கம் இருக்கணும், முன்பக்கம் வச்சா மழையே காணாமப் போகும்.

அவ போற நொடியில இசை போடாதீங்க. தண்ணிச் சத்தம் ஓடிக்கிட்டே இருந்து சட்டுனு நிக்கட்டும். மெதுவாக்கணும்னா விநாடிக்கு 96 சட்டத்துல (ஃபிரேம்) எடுங்க, 24ல ஓட்டினா நாலு மடங்கு. 24ல எடுத்ததை இழுத்தா விட்டு விட்டு ஓடும்.

வில்லியனூர்_தேரடி — #15

12 நிமிஷத்துல அவ எப்போ போறா? பத்தரையிலன்னா மாத்துங்க. ஒன்பதுல போகணும். மூணு நிமிஷம் ஊருக்கு வேணும். கூட்டமா நின்னு கையெடுத்துக் கும்பிடற ஷாட் மட்டும் வேணாம்.

நம்ம பக்கத்து வீடுகள்ல பூவாடைக்காரி கும்பிடறாங்களே, அதைப் பாருங்க. வீட்டுல செத்துப்போன பொண்ணுக்குக் கலசம் வச்சு, பூ சுத்தி, புதுப்புடவை சாத்தி, கல்யாணத்துக்கு முன்னாடி அவகிட்ட உத்தரவு கேப்பாங்க. சக்தி உள்ளவளைச் சாகடிக்கறது அந்தப் படங்க வழக்கம். செத்தவளுக்குச் சக்தி வர்றது நம்ம வழக்கம்.

உப்பளம் — #16

ஐயா, மன்னிக்கணும், இது வல்ஹல்லாவோட தமிழ் டப்பிங் இல்லையா? 'சாமியாயிட்டா'ன்னு தோள் தட்டறதுதானே?

வில்லியனூர்_தேரடி — #17

வல்ஹல்லாவுல அவ போயிட்டா, மத்தவங்களுக்கு வேலை முடிஞ்சது. இங்க ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புடவை எடுக்கணும், சமைச்சு வைக்கணும். மறந்தா குத்தம். ஆனா நீ சொல்ற ஆபத்து இருக்கு. கோயில், சிலை, தீபம்னு போனா அதேதான். அம்மா கடையில ஒரு புடவைக்கு விலை கேக்கறா, கட்டிக்க ஆள் இல்லாத புடவை. அதோட வெட்டிடு.

கெடிலக்கரை — #18

அந்தப் புடவைக் காட்சிக்கு முன்னாடி உடம்பு கிடைச்சுதா இல்லையான்னு சொல்லிடுங்க. கிடைக்கலேன்னா பார்க்கறவங்க 'திரும்பி வருவா'ன்னு காத்திருப்பாங்க. மூணு பேர் ஆத்தோரம் தேடிட்டு ஒரு செருப்போட திரும்பறது போதும்.

லாஸ்பேட்டை_குறும்படம் — #19

ஒன்பதாவது நிமிஷத்துக்கு மாத்திட்டேன். செருப்பு, புடவை ரெண்டும் வருது. கலசம் இல்ல. நாங்க பார்த்து வச்சிருக்கற மதகுல கதவு 3 மீட்டர் அகலம்தான் இருக்கு, கணக்கு மாறுமா?

தேவனாம்பட்டினம் — #20

மாறும். 3 மீட்டர் ஆழத்துல பதிமூன்றரை டன், 4 ஆனா 24. டிராக்டரை அப்படியே வச்சுக்கலாம்.